நாலாம் லைனில் எல்லோருக்கும் ஒரே பெயர்

வேப்பம்பட்டில் காலை ரயில் ஏறியதும் எனக்குத் தூக்கம் வந்துவிடும். உட்கார இடம் கிடைத்தாலும் சரி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சரி. திருநின்றவூர் தாண்டும்போதே கண் செருகும். பட்டாபிராமில் தலை ஆடும். ஆவடியில் ஏறும் கூட்டத்தில் யாராவது ஒருவரின் முழங்கை என்னை எழுப்பிவிடும்; அம்பத்தூர் வருவதற்குள் மறுபடி போய்விடுவேன். முழுத் தூக்கம் என்று சொல்ல முடியாது. சுற்றி நடக்கும் பேச்சு கேட்கும். பூக்காரம்மாவின் கூடையிலிருந்து ஈர வாசனை வரும். ஆனால் மூடிய கண்ணுக்குள் முந்தின நாள் வேலை வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கும். ஆபீஸில் மணிக்கணக்காகத் தேடியும் அகப்படாத தவறு, அண்ணனூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே தானாக வந்து எதிரில் நிற்கும். இதை என் மேனேஜரிடம் சொன்னபோது, அப்படியென்றால் ரயிலிலேயே அட்டெண்டன்ஸ் போட்டுவிடலாமே என்றார். அவருக்கு என்ன தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு இரும்பு பிராக்கெட் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களையும் சர்வர்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. சர்வர் அறை மாடியில், ஜன்னல் இல்லாத ஒரு மூலையில் இருக்கிறது. எப்போதும் குளிர். எப்போதும் ஒரே சுருதியில் ஒரு இரைச்சல். கீழே இரும்புத் தகட்டை வெட்டி வளைக்கும் பிரஸ் அடிக்கும்போது தரை லேசாக அதிரும். அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. சில நாள் நான் யார், எதற்கு வந்தேன் என்பதுகூட ஒரு நிமிடம் மறந்து போகும். எனக்கு அந்த அறை பிடிக்கும். யாராவது கதவைத் தட்டி "மேடம், பிரிண்டர் வேலை செய்யல" என்றால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை எங்கள் கம்பெனியில் லீவு எழுத ஒரு சாஃப்ட்வேர், ஸ்டோர்ஸில் பொருள் கேட்க ஒரு சாஃப்ட்வேர், இன்ஸ்பெக்‌ஷன் பதிவு செய்ய இன்னொன்று. மூன்றுக்கும் மூன்று பாஸ்வேர்டு. யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? மானிட்டரின் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வைத்திருந்தார்கள். லைனில் இருப்பவர்கள் அந்தத் தொல்லைகூடப் படவில்லை. காலையில் யாரோ ஒருவர் சூப்பர்வைசரின் பெயரில் திறந்து வைப்பார். அதன் பிறகு அங்கே யார் வந்து உட்கார்ந்தாலும் திரையில் சூப்பர்வைசர்தான். நாலாம் லைன் சூப்பர்வைசர் ரிடையர் ஆகி, மாலை மரியாதையெல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் வெகுநாள் ஆகியும், அவர் பெயரில் தினமும் பிராக்கெட்டுகள் பாஸ் ஆகிக்கொண்டிருந்தன. திருவேற்காட்டில் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே அவர் இங்கே இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து தணிக்கைக்கு வந்தவர் அந்த மனிதரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். எங்கள் ஆட்கள் பேய் முழி முழித்தார்கள். மறுநாளே எனக்கு உத்தரவு வந்தது. ஒருவருக்கு ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரு தடவை போட்டால் எல்லாம் திறக்க வேண்டும். சிங்கிள் சைன்-ஆன்.

அதற்கு நான் வகுத்த வழி எளிமையானது. வாசலில் ஒரு சர்வர். ரிவர்ஸ் பிராக்ஸி என்பார்கள். உள்ளே மூன்று சாஃப்ட்வேர்களையும் வைத்திருக்கும் அப்ளிகேஷன் சர்வர். யார் வந்தாலும் முதலில் வாசலில் நின்று பெயரும் பாஸ்வேர்டும் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் வாசல் சர்வர் அவருடைய எம்ப்ளாயி நம்பரை ஒரு சீட்டில் எழுதி, அந்தச் சீட்டோடு உள்ளே அனுப்பும். உள்ளே இருப்பது யாரையும் எதுவும் கேட்காது. சீட்டில் என்ன நம்பர் எழுதியிருக்கிறதோ அதுதான் ஆள். சந்தேகம் என்பதே அதற்குக் கிடையாது.

இந்த ஏற்பாடு எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். ஆவடியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி என் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. அப்பாவின் டோக்கன் நம்பரைச் சொன்னால் போதும், கை தானாகக் கேட்டைத் திறக்கும். வெளியிலிருந்து விளையாட வரும் என் சிநேகிதி ஒருத்தியும் அதே நம்பரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வருவாள். ஒரு கோடைகாலம் முழுக்க எங்கள் அப்பாவுக்கு இரண்டு மகள்கள். அந்த மதியங்களின் வெளிச்சம், தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே நாங்கள் ஒரே ஆளாக இருந்த சுகம், இதெல்லாம் சர்வர் அறையின் குளிரில் உட்கார்ந்து சீட்டு எழுதும் கட்டளைகளை அடித்துக்கொண்டிருக்கும்போது வந்து வந்து போயின. ஆபத்தான விளையாட்டு என்று சின்ன வயதிலும் தோன்றவில்லை, கட்டளை அடித்தபோதும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

முதலில் நாலாம் லைனில் மட்டும் பரிசோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. அங்கே இன்ஸ்பெக்டராக இருந்தவள் பூந்தமல்லி முஸ்லிம் வீட்டுப் பெண். அப்பா சந்தைப் பக்கம் பாய் கடை வைத்திருந்தவர், இப்போது இல்லை, அம்மாவும் அவளும்தான். ஆறு வருடமாக கான்ட்ராக்ட். பிராக்கெட்டைக் கையில் எடுத்து விரலால் ஒரு தடவு தடவினால் துளை நகர்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள், அளவு பார்க்கும் கேஜை வைத்துப் பார்ப்பது சாட்சிக்குத்தான். அந்த வருடக் கடைசியில் பெர்மனன்ட் செய்யும் லிஸ்டில் அவள் நம்பர் இருந்தது. லைனில் எல்லோருக்கும் தெரியும். அவள் மட்டும் அதைப் பற்றிப் பேச மாட்டாள், கண் பட்டுவிடும் என்று பயம்.

"இன்னாக்கா பண்ணினுகீற?" என்று டீ டம்ளரோடு வந்து என் பக்கத்தில் நிற்பாள். மற்றவர்கள் புது சாஃப்ட்வேர் என்றாலே ஓடிப்போவார்கள். அவளுக்கு மட்டும் ஆசை. நான் விளக்குவேன். பாதி புரியும், பாதிக்குச் சிரிப்பாள்.

"அப்போ நான் பாஸ் பண்ணா என் பேருதான் வருமா? அந்தத் தாத்தா பேரு வராதா?"

"உன் பேருதான்."

"ஆறு வருசம் கழிச்சு வருது பாரு," என்றாள்.

அதனால் பரிசோதனைக்கு அவள் நம்பரையே போட்டேன். வாசல் சர்வரின் கட்டளைகளில், நாலாம் லைன் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும் வழியில் மட்டும், இரண்டு வரி சேர்த்தேன். முதல் வரி, இந்த வழியில் வருபவர்களிடம் பாஸ்வேர்டு கேட்காதே. இரண்டாவது வரி, வருபவர் யாராக இருந்தாலும் இந்த நம்பரை எழுதி உள்ளே அனுப்பு. உள்ளே இருக்கும் சர்வர் சீட்டைச் சரியாகப் படிக்கிறதா என்று பார்ப்பதற்கான தற்காலிக ஏற்பாடு. படித்தது. திரையில் அவள் பெயரோடு வணக்கம் வந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. இனி அந்த இரண்டு வரிகளை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் அது வேறு உலகம். முதல்நாளே மெஷின்களைக் கழுவித் துடைத்து, பிரஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை போட்டு, தரையெல்லாம் கோலம். இரும்பும் எண்ணெயும் மணக்கும் இடத்தில் அன்று ஒரு நாள் சந்தனமும் பொரியும் மணக்கும். பிரஸ்கள் நின்றுவிட்டதால் தரை அதிரவில்லை. அந்த அமைதியில் நடக்கும்போது கால் தரையில் பாவாதது போல இருந்தது. நாலாம் லைன் கம்ப்யூட்டருக்கு அவளே சாமந்திச் சரம் கட்டினாள். பொட்டு வைக்க மாட்டாள், பக்கத்து லைன் பெண் வைத்துவிட்டாள். பொரியும் சுண்டலும் மட்டும் அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நான் அந்த இரண்டு வரிகளை எடுக்க மாடிக்குப் போனபோது சர்வர் அலமாரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். பிளான்ட் மேனேஜர் கையில் தட்டோடு நின்றார். நான் கீபோர்டை இழுத்தேன்.

"மேடம், பூஜை போட்டாச்சு. இனிமே கை வைக்கக் கூடாது."

"ரெண்டே ரெண்டு வரி சார். ஒரு நிமிஷம்."

"ரெண்டு வரின்னா இன்னா, இருபது வரின்னா இன்னா? வெச்ச ஆயுதத்தை எடுக்கக் கூடாது. லீவு முடிஞ்சு வந்து எடுங்க."

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. வாக்குவாதம் செய்திருப்பேன், அது என் சுபாவம். ஆனால் கற்பூரப் புகையில் சர்வர்களின் பச்சை விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அந்த அறை கோயில் மாதிரி ஆகிவிட்டிருந்தது. எனக்கே தொட மனம் வரவில்லை. விபூதி வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

லீவு முடிந்து வந்து, லைன் ஆட்களைக் கூட்டி வைத்துப் பேசினேன். இனி அவரவர் பெயர் அவரவருக்கு, முதல் தடவை திறக்கும்போது கேட்கும், அப்போது வைக்கும் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் வேலை போய்விடும், இது ஹெச்.ஆர். உத்தரவு, இனிமேல் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றெல்லாம் அடித்துவிட்டேன். முன்வரிசையில் நின்று அவள் தலையாட்டினாள். அன்றே புது ஏற்பாட்டை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். ஆபீஸ் பக்கம் அருமையாக வேலை செய்தது. ஆளாளுக்கு அவரவர் பெயர் வந்தது. அந்த இரண்டு வரிகளை எடுத்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கர்சரை வைத்தது, வரி கறுத்தது, அழிந்தது, ஃபைலைச் சேமித்தது, எல்லாம் அப்படியே கண்ணில் நின்றது.

மழை தொடங்கியது. எஸ்டேட் சாலைகளில் தண்ணீர் தேங்கி, ரயில்கள் தாமதமாகி, நான் அரைத் தூக்கத்தில் போய் அரைத் தூக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். அந்த வாரங்கள் இப்போது யோசித்தாலும் ஈரத் துணிக்குள் பார்ப்பது போலத்தான் தெரிகின்றன. அவள் ஒரு நாள் படியில் என்னைப் பார்த்து, "நல்லா கீதுக்கா உன் சாஃப்ட்வேரு. போய் உக்காந்தா அதுவே என்னக் கண்டுகினு வணக்கம் சொல்லுது," என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை வாடிக்கையாளரிடமிருந்து ஒரு லோடு பிராக்கெட் திரும்பி வந்தது. துளை நகர்ந்திருந்தது. கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்கு. யார் பாஸ் செய்தது என்று பதிவைத் திறந்தார்கள். அவள் நம்பர். ஆனால் அந்தத் தேதியில் அவள் வேலைக்கே வரவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று காகிதத்தில் லீவு எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஹெச்.ஆர். அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். மெதுவாகப் பேசும் ஹெச்.ஆர். அதிகாரி, குவாலிட்டி மேனேஜர், அவள், நான். அவள் லீவில் இருந்த அன்று அவள் இடத்தில் உட்கார்ந்தவர் மூன்றாம் லைன்காரர். அவரை விசாரித்து அனுப்பியிருந்தார்கள். கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது, நான் டிக் மட்டும் போட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். திரையில் வேறு பெயர் இருந்ததே என்று கேட்டதற்கு, எப்பவுமே வேற பேருதானே சார் இருக்கும் என்றாராம். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ரிடையர் ஆனவரின் பெயரில் வருடக்கணக்காக வேலை செய்த லைன் அது.

"நைட்டெல்லாம் திறந்தே இருக்க வாய்ப்பு உண்டா மேடம்?" என்று ஹெச்.ஆர். என்னைக் கேட்டார்.

"இல்லை சார். சாயங்காலம் தானா மூடிடும். காலைல பாஸ்வேர்டு போட்டாத்தான் திறக்கும்."

"சிஸ்டம் தப்பான பேரைப் போட்டிருக்குமா?"

"வாய்ப்பே இல்லை."

யோசிக்காமல் சொன்னேன். கோபத்தோடு சொன்னேன் என்பதையும் மறைக்கக் கூடாது. ரயிலிலும் குளிரிலும் மாதக்கணக்காக உட்கார்ந்து கட்டியது. அதைப் போய்ச் சந்தேகப்படுகிறாரே என்று சுருக்கென்றது. உள்ளே இருக்கும் சர்வரின் பதிவைக் காகிதத்தில் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தேன். வரிக்கு வரி அவள் நம்பர். வாசல் சர்வரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

"அப்போ யாருக்கோ பாஸ்வேர்டு குடுத்திருக்கீங்க," என்றார் ஹெச்.ஆர். அவளிடம்.

"நான் யாருக்கும் குடுக்கல சார்." அவள் என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்வேர்டு கொடுத்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதினால் கான்ட்ராக்ட் தொடரும், பெர்மனன்ட் லிஸ்டிலிருந்து மட்டும் பெயர் போகும். எழுதாவிட்டால் கான்ட்ராக்டும் போகும். யோசித்துச் சொல்ல ஒரு நாள் கொடுத்தார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல பெண், இப்படிச் செய்துவிட்டாளே என்ற வருத்தம். அம்மாவின் கண் ஆபரேஷன் அவசரத்தில் யாரிடமாவது சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் அவள் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று சேதி வந்தது. அவள் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுக்கும்படி எனக்கு மெயில். நானே லைனுக்கு இறங்கிப் போனேன். பிரஸ் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"பழைய பாஸ்வேர்டைப் போடு, புதுசா மாத்திடலாம்," என்றேன்.

"எந்த பாஸ்வேர்டுக்கா?"

"உன் பாஸ்வேர்டுதான். தினம் காலைல போடுவியே."

"நான் எங்க போட்டேன்?" என்றாள். "என்ன ஒருநாளும் கேட்டதே இல்லியே. நான் வந்து உக்காந்தா அதுவா தொறந்துக்கும். நீதான் அப்படி வெச்சிகீறேன்னு நெனச்சேன்."

பிரஸ் அடித்துக்கொண்டேதான் இருந்திருக்கும். எனக்குக் கேட்கவில்லை. அவளை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். சாஃப்ட்வேரை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். என்னிடமும் எதுவும் கேட்கவில்லை. அவள் பெயரைச் சொல்லி எனக்கு வணக்கம் சொன்னது.

மாடிப்படி ஏறியது ஞாபகம் இல்லை. வாசல் சர்வரில் நாலாம் லைனுக்கான ஃபைலைத் திறந்தேன். இரண்டு வரிகளும் இருந்தன. ஃபைல் கடைசியாகச் சேமிக்கப்பட்டது ஆயுத பூஜைக்கு முன்னால். அதன் பிறகு அதில் யார் கையும் படவில்லை. அப்படியானால் நான் அழித்தேனே, கர்சரை வைத்தேனே, வரி கறுத்ததே? அந்த ஞாபகத்தை நிறுத்தி நிதானமாகப் பார்த்தேன். அழித்த கை என் கைதான். ஆனால் கீபோர்டுக்குப் பக்கத்தில் சுண்டல் கிண்ணம் இருந்தது. சர்வருக்குப் பின்னால் எங்கள் வீட்டு ஜன்னலும், ஜன்னலில் வேப்பம்பட்டு வெயிலும் இருந்தன. லீவில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்தபோது கண்ட கனவு அது. அவ்வளவு தெளிவாக இருந்ததால் செய்து முடித்த வேலைகளின் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. ரயில் தூக்கத்தில் வேலை பார்க்கிறேன் என்று பெருமையடித்துக்கொண்டவளுக்கு வேண்டியதுதான். அவள் இல்லாத நாளிலும், யார் உட்கார்ந்தாலும், நாலாம் லைனிலிருந்து போன ஒவ்வொரு சீட்டிலும் நான்தான் அவள் நம்பரை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

என் மேனேஜரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "இப்ப போய் இதைச் சொன்னா நம்ம டிபார்ட்மெண்டே காலி. இன்னிக்கு வரியை எடுத்துடுங்க. அடுத்த லிஸ்ட்ல அந்தப் பொண்ணு பேரை நானே சொல்றேன்," என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், அதுவும் சரிதானே என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக் கடனும் மாமியாரின் மாத்திரையும் கண்முன் வந்து நின்றன. அப்புறம் அந்த அறையில் அவள் என்னைப் பார்த்த பார்வை வந்தது. அடுத்த லிஸ்ட்டுக்கு இன்னும் எத்தனை வருடமோ. "ஆறு வருஷம் போதும் சார்," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது.

வரிகளை எடுப்பதற்கு முன் ஹெச்.ஆர். அதிகாரியையும் குவாலிட்டி மேனேஜரையும் லைனுக்கே கூட்டிப்போனேன். அதிகாரியை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, சாஃப்ட்வேரைத் திறக்கச் சொன்னேன். அவள் பெயரைச் சொல்லி அவருக்கும் வணக்கம் வந்தது. "இது என் தப்பு சார். பரிசோதனைக்கு எழுதினதை எடுக்கல. எடுத்துட்டதா நினைச்சேன். அன்னிக்கு ரூம்ல பார்க்காமலே பதில் சொன்னேன்," என்றேன். சுற்றிலும் லைன் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் இன்னொரு தடவை மூடித் திறந்து பார்த்தார். பிறகு எழுந்து, எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது, அந்த வருட இன்கிரிமென்ட் நின்றது. அவளுடைய கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்கள். லிஸ்டில் அவள் நம்பர் திரும்ப ஏறியது. மூன்றாம் லைன்காரருக்கு ஒரு வாரம் கேஜ் பிடிக்கப் பயிற்சி.

மறுநாள் கேன்டீனில் அவளைத் தேடிப் போனேன். கூட்டம் குறைந்திருந்தது. வெளியே தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்ததால் உள்ளே எல்லாம் ஒரு மாதிரி சாம்பல் நிறத்தில் மிதந்தது. எதிரில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா, வுடு," என்றாள். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள், இப்போது பஸ் நம்பரெல்லாம் படிக்கிறாள் என்றாள். என் பக்கம் முட்டையை நகர்த்தினாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஒன்னு கேக்குறேன், தப்பா நினைக்காத. பாஸ்வேர்டுன்னு ஒன்னு நீ போட்டதே இல்ல. அப்புறம் எப்படி அதை இன்னொருத்தருக்குக் குடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நீ சொன்னியேக்கா, தப்பா வர வாய்ப்பே இல்லன்னு. நீ எனக்குக் கெடுதல் பண்ண மாட்டேன்னு எனக்குத் தெரியும். அப்போ நான்தானே பண்ணிருக்கணும்? ஊட்டுக்குப் போய் அம்மாகூட ஒக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், யாருக்குக் குடுத்தேன், எப்பக் குடுத்தேன்னு. ஞாபகமே வரல. ஆனா நீ சொல்லிட்ட. அதான் போட்டேன்."

நான் அழுதுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்ன செய்வதென்று தெரியாமல், தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளினாள்.